முதலில் அளந்துவிடுங்கள்: பழைய கட்டடங்களைக் காக்க விரும்புவோருக்கு ஒரு வரைவாளரின் வழிகாட்டி

அந்தப் பழைய அச்சகக் கட்டடத்தின் மரப் படிக்கட்டில் பதினேழு படிகளை அளந்து முடித்தபோது வெளிச்சம் போய்விட்டது. அதற்கு மேல் போக முடியாதபடி பலகை அடித்து அடைத்திருந்தார்கள். காலையில் வந்தால் பலகையைக் கழற்றித் தருவதாகக் காவலாளி சொன்னார். மறுநாள் போனேன். தெருப்பக்கம் முழுவதும் தகரம் அடித்திருந்தது. உள்ளே மேல்தளத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் மிஞ்சியவை நான்கு தாள்கள். அவற்றில் பதினேழு படிகளும் முகப்பில் பாதியும் இருக்கின்றன.

நான் கட்டட வரைவாளர். முப்பது ஆண்டுகள் புதிய கட்டடங்களுக்கு வரைபடம் போட்டேன். கடந்த பதினோரு ஆண்டுகளாகப் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வருகிறேன். நகரத்தின் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மனுவை யாருக்கு எழுதுவது என்பதுதான். மனு எழுதத்தான் வேண்டும். ஆனால் மனுவோடு சேர்த்து வைக்க ஒரு கோப்பு வேண்டும். கோப்பு இல்லாத மனுவை அதிகாரி படித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். இடிப்பு அறிவிப்பு வந்த பிறகு கோப்புத் தயாரிக்க நேரம் இருக்காது. ஆகவே, எந்த ஆபத்தும் இல்லாத நாளில், இன்றைக்கே தொடங்குங்கள்.

ஒரே ஒரு தெரு

நகரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டு முறை நடங்கள். ஒரு முறை காலையில், வெயில் சுவரில் சாய்வாக விழும்போது. அந்த வெளிச்சத்தில்தான் பூச்சு உப்பியிருப்பதும், எப்போதோ அடைக்கப்பட்ட சன்னலின் விளிம்பும் தெரியும். இரண்டாம் முறை நல்ல மழையில், குடையோடு. தண்ணீர் எங்கிருந்து வழிகிறது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, எந்தச் சுவர் நனைகிறது என்பதை மழை அரை மணி நேரத்தில் காட்டிவிடும்.

தலையை நிமிர்த்திப் பாருங்கள். கீழ்த்தளத்தைப் பெயர்ப்பலகைகள் மறைத்திருக்கும். பழைய கட்டடம் பெரும்பாலும் முதல் மாடியிலிருந்துதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். முகப்பில் ஆண்டு பொறித்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையே கட்டடத்தின் வயது என்று எழுதிவிடாதீர்கள். முகப்பைப் புதுப்பித்த ஆண்டாகவும் அது இருக்கலாம். பின்பக்கச் செங்கல்லின் அளவும் முன்பக்கச் செங்கல்லின் அளவும் வேறுபட்டால் இரண்டும் வெவ்வேறு காலத்தில் கட்டப்பட்டவையா என்று கேட்டுப் பாருங்கள்.

அரண்மனைகளையும் வழிபாட்டிடங்களையும் மட்டும் பாரம்பரியப் பட்டியலில் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அவற்றுக்குக் காவலர்கள் எப்படியாவது கிடைத்துவிடுவார்கள். சந்தைக் கொட்டகை, தொழிலாளர் குடியிருப்பு, தபால் நிலையம், தண்ணீர்த் தொட்டி, திரையரங்கு போன்றவைதான் சத்தமில்லாமல் மறைகின்றன. நகரத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோரின் நாட்கள் கழிந்ததும் அங்கேதான்.

பிறகு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: இது ஏன் முக்கியம்? ஆஸ்திரேலியாவின் பரா என்ற ஊரில் 1979-இல் உருவான பரா சாசனம், பழைய இடங்களைப் பாதுகாப்பதற்கான நெறிமுறை, இதற்கு நல்ல அளவுகோலைத் தருகிறது. அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்ற ஐந்து கோணங்களிலிருந்து ஓர் இடத்தின் மதிப்பைப் பார்க்கச் சொல்கிறது. ஐந்திலும் எழுத வேண்டியதில்லை. ஒன்றில் உறுதியாக எழுத முடிந்தால் போதும். ‘மிகப் பழைமையான, அழகான கட்டடம்’ என்று எழுதினால் எந்தக் கட்டடத்துக்கும் அது பொருந்தும். ‘இந்தத் தெருவில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் இது ஒன்றுதான்’ என்று எழுதினால் பட்டியல் குழுவில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அளவு எடுப்பது

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. நீள டேப் ஒன்று, சிறிய டேப் ஒன்று, தூக்குநூல், தடித்த அட்டை, பென்சில், இரண்டு பேர். ஒருவர் அளவைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். திருப்பிச் சொல்லாமல் எழுதிய அளவில்தான் ஆறு ஒன்பதாகும்.

முதலில் அறையின் வடிவத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். சுவரை அளக்கும்போது மூலையில் டேப்பின் நுனியை வைத்து, அதை எடுக்காமலே சன்னலின் தொடக்கம், சன்னலின் முடிவு, கதவின் தொடக்கம் என்று தொடர்ச்சியாக எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் பிழையும் சேர்ந்து கூடிவிடும். நான்கு சுவர்களை அளந்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் கட்டாயம் அளந்துவிடுங்கள். பழைய அறைகளில் மூலைகள் செங்கோணமாக இருப்பது அரிது. மூலைவிட்டம் இல்லாத அளவுகளை வைத்து வீட்டில் உட்கார்ந்து வரையும்போது சுவர்கள் ஒன்றோடொன்று சேராது. மீண்டும் அனுமதி கேட்டு உள்ளே போக வேண்டியிருக்கும்.

படிக்கட்டுக்கு ஒவ்வொரு படியின் உயரத்தையும் தனியே எழுதுங்கள். எல்லாம் ஒன்றுதான் என்று கண் சொல்லும். டேப் வேறு சொல்லும். அந்த அச்சகத்தில் ஏழாம் படி மற்றவற்றைவிடக் கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன், நடுவில் குழிவாகத் தேய்ந்திருந்த அந்தப் பலகையின் வலது ஓரத்தில் மட்டும் தேய்மானம் இல்லை. அங்கே ஏதோ ஒரு பெட்டியோ கட்டோ நெடுங்காலம் இருந்திருக்க வேண்டும். எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

ஒளிப்படம் எடுக்கும்போது ஓர் அளவுகோலைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். முகப்பை நேர் எதிரில் நின்று எடுங்கள். அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன் மீது ஒன்று விழும்படி எடுத்தால் பின்னர் கணினியில் முப்பரிமாண வடிவமாகவும் மாற்றலாம். கோப்பின் பெயரில் கட்டடம், தளம், அறை, தேதி நான்கும் இருக்கட்டும். மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றில் ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள்.

இந்த உழைப்பெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்குப் போலந்தின் தலைநகர் வார்சாவைப் பற்றிச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் அந்நகரத்தின் பழைய பகுதியில் 85 விழுக்காட்டுக்கு மேல் தரைமட்டமானது. போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் அளந்து வரைந்திருந்த தாள்கள், போர்க் காலத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றப்பட்டவை, மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் பெல்லோத்தோ தீட்டிய நகரக் காட்சிகளும் உதவின. அப்படி எழுந்த பழைய நகரம் 1980-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்திலும் இதுதான் நடந்தது. ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் திரந்தெசோ என்ற இரு கட்டடக்கலைஞர்கள் கூரைக்கடியில் இருந்த ஓக் மரச் சட்டகங்களை 2014 வாக்கில் கையால் அளந்து வரைந்து முடித்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 15 அன்று தீ அந்த மரங்களைத் தின்றுவிட்டது. கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் எடுத்திருந்த லேசர் அளவீடுகளோடு அந்த வரைபடங்களும் தச்சர்களுக்குக் கிடைத்தன. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறந்தது. அளந்தவர்கள் யாரும் தீ வரும் என்று எதிர்பார்த்து அளக்கவில்லை.

உரிமையாளர் எதிரி அல்லர்

பழைய கட்டடத்தின் உரிமையாளரிடம் ‘இதை இடிக்கக் கூடாது’ என்ற வாக்கியத்தோடு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாசல் அவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுக்குப் பின்னால் வரும் எல்லோருக்கும் மூடிவிடும். ஒழுகும் கூரையின் கீழ் தூங்குகிறவர் அவர். செலவு செய்கிறவரும் அவர்.

முதல் சந்திப்பில் எதையும் கேட்காதீர்கள். நீங்கள் கண்டுபிடித்த ஒன்றைக் கொடுங்கள்: பழைய வரைபடத்தில் அவர் வீடு இருக்கும் இடம், அல்லது முகப்பின் நல்ல ஒளிப்படம். அவருக்குத் தெரிந்த கதைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்திரங்களைக் காட்டினால் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் படம் எடுங்கள். இரண்டாம் சந்திப்பில், இடிக்க நினைப்பதற்குக் காரணம் என்ன என்று விசாரியுங்கள். சகோதரர்களுக்குள் பாகப் பிரிவினையா, பழுதுச் செலவா, கூடுதல் தளம் வேண்டுமென்பதா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பழுதுச் செலவு என்றால் எந்தப் பழுதை முதலில் பார்த்தால் போதும் என்று சொல்லலாம். கூடுதல் இடம் என்றால், உங்கள் நகரத்தில் வளர்ச்சி உரிமை மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள்: மேலே கட்டாமல் விட்ட பரப்பை வேறொரு மனைக்கு மாற்றவோ விற்கவோ அனுமதிக்கும் ஏற்பாடு அது. வரிச் சலுகை, பழுதுபார்ப்பு மானியம் போன்றவற்றின் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். பத்துப் பேர் கையெழுத்திட்ட கண்டனத்தைவிட நிரப்பிய விண்ணப்பம் ஒன்று அவருக்குப் பயன்படும்.

கட்டடத்துக்குப் புதிய பயன் தேட வேண்டியிருந்தால் தயங்காதீர்கள். பாரிஸில் 1900-இல் திறந்த ஓர்சே ரயில் நிலையம் 1986-இல் அருங்காட்சியகமானது. லண்டனின் பேங்க்சைடு மின் நிலையம் 2000-இல் கலைக்கூடமாகத் திறந்தது. புதிதாகச் செய்யும் எதையும் பிறகு கழற்ற முடியும்படி செய்யுங்கள் என்பது ஒன்றுதான் நான் வற்புறுத்துவது. தடுப்புச் சுவரைத் தூணில் செதுக்கிச் செருகாமல், ஒட்டினாற்போல நிறுத்தலாம். முகப்பை மட்டும் நிற்க வைத்துவிட்டு உள்ளே முழுவதையும் புதிதாகக் கட்டுவதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள்.

தண்ணீர், சுண்ணாம்பு, ஒரு கண்ணாடித் துண்டு

கட்டடங்களை இடி இயந்திரம் அழிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீர் அழிக்கத் தொடங்கிவிடும். மழைநீர்க் குழாயில் சருகு அடைக்கிறது. நீர் சுவரில் வழிகிறது. ஓதம் ஏறுகிறது. உத்தரத்தின் நுனி சுவருக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல், உளுத்துப்போகிறது. பிறகு ஒரு பொறியாளர் வந்து ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதிவிடுவார். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் கூரையில் ஏறிச் சருகை அள்ளுவதுதான் மிகப் பெரிய பாதுகாப்புப் பணி. இங்கிலாந்தில் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877-இல் பழைய கட்டடங்களுக்காகச் சங்கம் தொடங்கியபோது சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், ஒழுகும் கூரையைச் சரிசெய்யுங்கள்.

சுவரில் செடி முளைத்திருந்தால் பிடுங்கி இழுக்காதீர்கள். வேர் செங்கல்லோடு சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வேரைச் சாகவிட்டு, காய்ந்த பிறகு இணைப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள்.

சிமெண்டைப் பற்றி நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டின் பின்சுவரில், ஓதத்தைத் தடுக்கும் என்று நம்பி, இடுப்பளவுக்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசியிருந்தார்கள். சில ஆண்டுகளில் ஓதம் தோளளவுக்கு ஏறிவிட்டது. கொத்தனார் உளியை வைத்துத் தட்டியதும் பூச்சு தட்டையான பலகையைப் போலக் கழன்று விழுந்தது. அதன் பின்பக்கத்தில் செங்கல்லின் மேல்தோல் முழுவதும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் கையை வைத்தேன். செங்கல் ஈரமான பொடியாக உள்ளங்கையில் ஒட்டியது, நகத்தால் கீறினால் வழிந்தது. கைக்கெட்டும் உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

நடந்தது இதுதான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரையிலிருந்து சிறிது ஈரத்தை உறிஞ்சும். அதைக் காரை வழியாகவும் பூச்சு வழியாகவும் வெளியே விட்டுவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறுகிறது. கரைந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதை உள்ளிருந்தே உடைக்கிறது. சிமெண்டு பழைய செங்கல்லைவிடக் கடினமானதும்கூட. சுவர் அசையும்போது காரைக்குப் பதிலாகச் செங்கல் பிளக்கிறது. ஆகவே ஒரு விதியை மனத்தில் வையுங்கள்: சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டதே 1824-இல்தான். அதற்கு முந்தைய சுவருக்கும், அதற்குப் பின் சுண்ணாம்பில் கட்டிய சுவருக்கும் சுண்ணாம்பைத்தான் கொடுக்க வேண்டும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெதுவாக இறுகும். பூசிய பிறகு வெயிலில் சட்டென்று காயவிடாமல் ஈரச் சாக்கு போட்டுக் காப்பாற்றுங்கள். அவசரப்படுத்தும் ஒப்பந்தக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்கிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். செங்கல்லின் கடினமான மேல்தோல் போய்விடும்.

விரிசலைப் பார்த்ததும் பூசி மறைக்கத் தோன்றும். முதலில் அது அசைகிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சாந்தால் ஒட்டிவிட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், பூசலாம். உடைந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அவர் சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை செய்தவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உடைந்துபோன அலங்காரத்தை மீண்டும் செய்வதானால் சான்று இருக்கும் வரைதான் போக வேண்டும். எங்கே ஊகம் தொடங்குகிறதோ அங்கே புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்கிறது. என் தொழிலில் இதைவிடப் பயன்பட்ட வாக்கியம் எனக்குத் தெரியாது.

சட்டம்

சட்டம் நகரத்துக்கு நகரம் மாறும் என்பதால் நான்கு கேள்விகளை மட்டும் தருகிறேன். பாரம்பரியப் பட்டியல் இருக்கிறதா? அதில் இருக்கும் கட்டடத்துக்கு உள்பகுதியும் பாதுகாக்கப்படுமா, முகப்பு மட்டுமா? பட்டியலில் சேர்க்க யார் விண்ணப்பிக்கலாம்? ஆட்சேபம் தெரிவிக்க எத்தனை நாள் அவகாசம்? கடைசிக் கேள்விக்கான விடையைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

சட்டம் பெரும்பாலும் இழப்புக்குப் பிறகுதான் வரும். நியூயார்க்கில் 1910-இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கோபத்தில் 1965-இல் அடையாளச் சின்னங்களுக்கான சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம்தான் பின்னர் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தைக் காத்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் நகரத்தில் சட்டம் இல்லையென்றால், இழந்த கட்டடங்களின் கோப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். சட்டம் கேட்கும் நாளில் அவைதான் சான்று.

கதவைத் திறந்து வையுங்கள்

யாரும் உள்ளே போய்ப் பார்க்காத கட்டடத்துக்காக யாரும் வர மாட்டார்கள். 1984-இல் பிரான்ஸ் நினைவுச்சின்னங்களின் கதவுகளை ஒரு நாள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அது ஐரோப்பா முழுவதும் பரவியது. ஏப்ரல் 18 நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு நாள். அந்த நாளையோ, உங்கள் கட்டடம் திறக்கப்பட்ட நாளையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழுவுக்கு இருபது பேர் போதும். பழைய மாடத்திலும் மரத் தளத்திலும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று பொறியாளரிடம் கேட்டு, அந்த எண்ணிக்கையை வாசலில் எழுதி வைத்து, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். இதில் தாட்சண்யம் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கதை, ஐந்து நிமிடம். வயதானவர்கள் உட்கார நாற்காலி. பிள்ளைகளுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்து ஏதேனும் ஒரு சன்னலை வரையச் சொல்லுங்கள். வரைந்த சன்னலை அவர்கள் மறக்க மாட்டார்கள். அங்கே வேலை செய்தவர்கள் உயிரோடு இருந்தால் பேச அழையுங்கள். தலைமை விருந்தினரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நினைவுப் பலகை வைப்பது நல்லதுதான். அதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். லண்டனில் நினைவுப் பலகைத் திட்டத்தின் முதல் பலகை 1867-இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் பதிக்கப்பட்டது. 1889-இல் அந்த வீடு இடிக்கப்பட்டது.

எங்கள் முதல் திறந்த கதவு நாளில், அந்த அச்சகத்தின் நான்கு தாள்களையும் வேறொரு கட்டடத்தின் கூடத்தில் மாட்டியிருந்தேன். ஒரு முதியவர் படிக்கட்டின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அங்கே அச்சுக்கோப்பவராக இருந்தவர். “மேலே இன்னும் ஐந்து படிங்க ஐயா” என்றார். “கடைசிப் படி மட்டும் உயரம் குறைவு. எழுத்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது காலுக்குத் தெரியும்.” ஏழாம் படியின் ஓரத்தைக் காட்டிக் கேட்டேன். காகிதக் கட்டு அடுக்கும் இடம் என்றார், யோசிக்காமல்.

அன்று இரவே ஐந்து படிகளையும் வரைந்தேன், புள்ளிக்கோட்டில். ஓரத்தில் ‘அளந்ததல்ல, அங்கே வேலை செய்தவர் சொன்னது’ என்று எழுதித் தேதியிட்டேன். உங்கள் கோப்பிலும் இப்படியே செய்யுங்கள்: அளந்ததற்கு முழுக்கோடு, கேட்டதற்குப் புள்ளிக்கோடு, தெரியாத இடத்தில் வெறும் தாள்.